நியூவர்க்கா, பிராடென்டனா?

2002 ஜூன் 21. தென்கொரியாவின் உல்சான் நகரில் உலகக் கோப்பைக் காலிறுதி. அமெரிக்காவை ஜெர்மனி 1-0 என்று வென்றது. இரண்டாம் பாதியில் கிரெக் பெர்ஹால்டர் அடித்த பந்து கோல்கோட்டில் நின்ற டார்ஸ்டன் ஃபிரிங்ஸின் கையில் பட்டும் நடுவர் எதுவும் கொடுக்கவில்லை. அமெரிக்க ரசிகர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. எனக்கு அந்த ஆட்டத்தில் வேறொன்றுதான் முக்கியம். அன்று முதல் நிமிடத்திலேயே களத்தில் இறங்கிய பதினொரு பேரில் அணித்தலைவர் கிளாடியோ ரேனா, தடுப்பாட்டக்காரர் பெர்ஹால்டர், 20 வயது லாண்டன் டோனவன் ஆகிய மூவரும் இருந்தார்கள். முதல் இருவரும் நியூ ஜெர்சியின் நியூவர்க் நகரில் துறவிகள் நடத்தும் செயின்ட் பெனடிக்ட்ஸ் பள்ளியில் ஒன்றாகப் படித்து 1991இல் வெளிவந்தவர்கள். டோனவன், ஃபுளோரிடாவின் பிராடென்டனில் ஐஎம்ஜி அகாடமி வளாகத்தில் தங்கிப் பயிற்சி பெற்றவர். இரண்டு வெவ்வேறு பாதைகள் அன்று ஒரே மைதானத்தில் வந்து சேர்ந்தன.

எட்டாம் வகுப்பு முடிக்கப் போகும், பந்தை விட்டுப் பிரியாத ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அமெரிக்காவில் வாழும் பெற்றோருக்கு, இந்த இரண்டில் எந்தப் பாதையில் அனுப்புவது என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. எடிசனிலும் டாலஸிலும் சான் ஹோசேயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது வந்துவிட்டது. முன்பு ஸ்பெல்லிங் போட்டிக்கும் கணக்கு ஒலிம்பியாடுக்கும் காரோட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது சனி, ஞாயிறுகளில் கால்பந்து மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ பிள்ளையை அனுப்ப நினைக்கிறவர்களுக்கு விஷயம் இன்னும் நேரடியானது. எஃப்-1 விசாவில் வரும் மாணவர் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதங்கள்தான் படிக்கலாம். அதுவும் முழுச் செலவையும் கட்டிவிட்டு. அனுமதி பெற்ற தனியார் பள்ளிக்கு அந்த வரம்பு இல்லை. ஆகவே அவர்களுக்குத் தனியார் பள்ளியே வழி.

தனியார் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருக்க, செயின்ட் பெனடிக்ட்ஸ், ஐஎம்ஜி ஆகிய இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், இரண்டும் இரு துருவங்கள் என்பதே. ஒன்று, பள்ளிக்குள் கால்பந்தை வைத்திருக்கும் இடம். மற்றது, கால்பந்தைச் சுற்றிப் பள்ளியைக் கட்டியிருக்கும் இடம். மற்ற பள்ளிகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. துருவங்களைப் புரிந்துகொண்டால் உங்கள் ஊர்ப் பள்ளி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தானே தெரிந்துவிடும்.

செயின்ட் பெனடிக்ட்ஸ் 1868இல் தொடங்கியது. ஜெர்மானிய, ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளைகளுக்காகப் பெனடிக்டின் துறவிகள் திறந்த கத்தோலிக்கப் பள்ளி. நூறாண்டு நன்றாகவே நடந்தது. 1967 ஜூலையில் நியூவர்க்கில் கலவரம் வெடித்தது. 26 பேர் இறந்தார்கள். வெள்ளைக் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. மாணவர் எண்ணிக்கை சரிந்தது, துறவிகளுக்குள்ளும் பிளவு வந்தது, 1972இல் பள்ளி மூடப்பட்டது. ஒரு பகுதித் துறவிகள் வேறு மடத்துக்குப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் ஓராண்டிலேயே, 1973இல், பள்ளியை மறுபடி திறந்தார்கள். தலைமை ஏற்றவர் அதே பள்ளியில் படித்த எட்வின் லீஹி. அப்போது முப்பது வயதுகூட ஆகாத இளம் துறவி. இம்முறை வந்த மாணவர்களில் பெரும்பாலோர் நகரத்தின் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள். மூடிய பள்ளியைத் திறந்ததைவிட, யாருக்காகத் திறந்தார்கள் என்பதில்தான் அந்தப் பள்ளியின் குணம் இருக்கிறது.

கால்பந்து அங்கே வந்ததற்கு மண்ணின் காரணமும் உண்டு. நியூவர்க்கிலிருந்து பாசைக் ஆற்றைத் தாண்டினால் ஹாரிசன், கேர்னி. அங்கிருந்த நூல் ஆலைகளில் வேலை பார்க்க ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பந்தையும் கொண்டுவந்தார்கள். பின்னர் போர்ச்சுகீசியரும் தென்னமெரிக்கரும் வந்து அதை வளர்த்தார்கள். உருகுவேயின் மோன்டெவிடியோவில் பிறந்து அந்தப் பகுதியில் வளர்ந்தவர் டேப் ராமோஸ். செயின்ட் பெனடிக்ட்ஸில் படிக்கும்போதே நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர் என்று 1983இல் பெயர் வாங்கியவர். அடுத்த ஆண்டு புகழ்பெற்ற நியூயார்க் காஸ்மோஸ் கிளப் தேர்ந்தெடுத்தபோது அதை விட்டுவிட்டு நார்த் கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். பிறகு மூன்று உலகக் கோப்பை அணிகளில் இடம்பெற்றார். ரேனாவின் காலத்தில் பள்ளி அணி இன்னும் உச்சத்துக்குப் போனது. அவர் ஆடிய மூன்று பருவங்களிலும் 65 ஆட்டங்கள், 65 வெற்றிகள்.

ஆனால் இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது நான் கோப்பைகளைவிட அதன் காலை நேரத்தையே முதலில் சொல்வேன். ஒவ்வொரு நாளும் மாணவர் அனைவரும் ஒரே கூடத்தில் கூடுகிறார்கள். வயதும் வகுப்பும் கலந்த குழுக்களாகப் பிரிந்து உட்காருகிறார்கள். வருகையைப் பதிவு செய்வது ஆசிரியர் அல்ல, குழுத் தலைவனாக இருக்கும் மாணவன். ஒருவன் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டியதும் அவன்தான். பள்ளியின் அன்றாட நடப்பில் பெரும்பங்கு மூத்த மாணவர்களின் கையில் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் கோடையில் சில இரவுகள் ஜிம்னேசியத் தரையில் ஒன்றாகப் படுத்து உறங்கி, பள்ளியின் வரலாற்றையும் பாட்டையும் மற்றவர்களின் பெயர்களையும் கற்றுக்கொண்ட பிறகே உள்ளே வருகிறார்கள். அந்த முதலாண்டின் முடிவில் அப்பலாச்சியன் மலைப்பாதையில் ஐம்பது மைலுக்கு மேல் நடைப்பயணம். கூடாரம் அடிப்பது, சமைப்பது, வழி பார்ப்பது எல்லாம் பையன்களே. நகரத்தை விட்டு வெளியே போயிராத பதினான்கு வயதுப் பிள்ளைகள் பலர் அதில் இருப்பார்கள். குழுவில் மெதுவாக நடப்பவனை விட்டுவிட்டுப் போக முடியாது. கோல் அடிப்பதில் மன்னனாக இருக்கும் பையனும் அதே சுமையைத்தான் தூக்க வேண்டும். அங்கே அவனுடைய இடத்தை அவன் கால்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை.

பிராடென்டன் வேறு உலகம். நிக் பொலெட்டியேரி 1978இல் தொடங்கிய டென்னிஸ் பயிற்சிக்கூடம் அது. ஆந்த்ரே அகாசி, ஜிம் கூரியர், மோனிகா செலஸ் போன்றவர்கள் அங்கே வளர்ந்தார்கள். 1987இல் ஐஎம்ஜி நிறுவனம் அதை வாங்கியது. டென்னிஸோடு கோல்ஃப், பேஸ்பால், கூடைப்பந்து, கால்பந்து, அமெரிக்கக் கால்பந்து எல்லாம் சேர்ந்து, 600 ஏக்கருக்குக் குறையாத வளாகமாக வளர்ந்தது. 2023இல் ஒரு முதலீட்டு நிறுவனம் அதை 125 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு பள்ளிக்கு இந்த விலையா என்று வியப்பதற்கில்லை. விளையாட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் எவ்வளவு செலவு செய்யத் தயாராக இருக்கிறார்கள் என்பதை அந்தத் தொகை காட்டுகிறது.

அங்கே நாள் இரண்டாகப் பிரிகிறது: பாதி நாள் வகுப்பு, பாதி நாள் விளையாட்டு. மற்ற பள்ளிகளில் மாலை நான்கு மணிக்கு மேல், களைத்த உடம்போடு நடக்கும் பயிற்சி இங்கே வெளிச்சம் இருக்கும்போதே, போதுமான நேரத்தோடு நடக்கிறது. உடற்பயிற்சி வல்லுநர், சத்துணவு ஆலோசகர், மனப்பயிற்சி தருகிறவர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். அணி நாட்டின் முதன்மை இளையோர் போட்டியான எம்எல்எஸ் நெக்ஸ்ட்டில் ஆடுகிறது; எதிரே நிற்பவர்களில் தொழில்முறை கிளப்புகளின் இளையோரும் உண்டு. விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் வேறொரு கண்டத்துப் பையன் இருக்கலாம். ஃபுளோரிடாவில் பனி கிடையாது. ஆண்டு முழுவதும் புல்தரை. நியூவர்க்கில் டிசம்பர் வந்தால் நிலைமை வேறு.

தர வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துக்குத் தனி விதிகள் உண்டு. ஆட்டம் இரண்டு 40 நிமிடப் பாதிகள். வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வரலாம். நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். அதற்குள் வாரத்துக்கு இரண்டு, மூன்று ஆட்டங்களைத் திணிப்பார்கள். உடம்பு தேறுவதற்கு நேரம் போதாது. நுட்பத்தைவிட ஓட்டமும் உடல் பலமும் முன்னுக்கு வரும். 2012இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் இளையோர் அகாடமி ஆட்டக்காரர்களைப் பள்ளி அணியில் ஆட விடாமல் தடுத்ததற்கு இதுவே முக்கியக் காரணம். தனியார் பள்ளியில் உதவித்தொகை பெற்றுப் படித்தவர்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. செயின்ட் பெனடிக்ட்ஸ் மாநிலத்துப் பொதுப் போட்டிக்கு வெளியே நின்று, நாட்டின் பல பகுதிகளிலுள்ள வலிமையான பள்ளிகளைத் தேடிப்போய் ஆடுவதால் இந்தக் குறையைப் பெருமளவு தாண்டியிருக்கிறது. சாதாரணப் பள்ளி அணிக்கு அது முடியாது.

ஆக, களத்தை மட்டும் பார்த்தால் பிராடென்டன் முந்துகிறது. தொடர்ந்து யோசிக்காத பெற்றோர் இங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். பள்ளி அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் நட்சத்திரங்களின் படங்களும் அதற்குத் துணை செய்கின்றன. அந்தப் படங்களைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

டோனவன், டமார்கஸ் பீஸ்லி, கைல் பெக்கர்மன், ஒகுச்சி ஒன்யேவு ஆகியோர் 1999இல் பிராடென்டனில் சேர்ந்த முதல் அணியைச் சேர்ந்தவர்கள். அதே ஆண்டு நியூசிலாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அமெரிக்கா நான்காமிடம் பிடித்தது. சிறந்த ஆட்டக்காரர் டோனவன், அடுத்தவர் பீஸ்லி. பின்னாளில் மைக்கேல் பிராட்லி, ஜோசி ஆல்டிடோர், கிறிஸ்டியன் புலிசிச் எல்லோரும் அதே வளாகத்தில் இருந்தார்கள். ஆனால் இவர்களை அங்கே கொண்டுவந்தது கூட்டமைப்பு. நாடு முழுவதும் சல்லடை போட்டுச் சலித்து எடுத்த இருபது, முப்பது பையன்களைத் தன் செலவில் தங்கவைத்து நடத்திய தேசிய முகாம் அது. 2017இல் அது நிறுத்தப்பட்டது. இன்று ஒரு பெற்றோர் பணம் கட்டிச் சேர்க்கும் அகாடமி அணி அதுவல்ல. இடம் ஒன்று, ஆனால் உள்ளே வந்த வழி வேறு, பணம் கொடுத்தவர் வேறு.

நியூவர்க் பக்கமும் இதே எச்சரிக்கை தேவை. ரேனாவின் தந்தை அர்ஜென்டினாவில் தொழில்முறையாக ஆடியவர். பந்து வீட்டிலேயே இருந்தது. ராமோஸோடு 1990, 1994 உலகக் கோப்பைகளில் ஆடிய ஜான் ஹார்க்ஸும் டோனி மியோலாவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேர்னி அரசு உயர்நிலைப் பள்ளியில் ஃபீஸ் எதுவும் இல்லாமல் படித்தவர்கள். ஒரே தெருக்களில் பந்தாடி வளர்ந்த மூவரில் ஒருவர் தனியார் பள்ளி, இருவர் அரசுப் பள்ளி. மூவரும் ஒரே தேசிய அணியில். ரேனாவின் மகன் ஜியோ ரேனா தந்தையின் வழியில் போகவே இல்லை. நியூயார்க் சிட்டி கிளப்பின் அகாடமியில் வளர்ந்து 2019இல், 16 வயதில், ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போய்விட்டார். பெரிய ஆட்டக்காரர்கள் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார்கள் என்ற பட்டியல், உங்கள் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பதற்குப் பதில் சொல்லாது.

பட்டியலில் எழுதப்படாதவர்களையும் நினைக்க வேண்டும். பிராடென்டன் முகாமில் இருந்த ஃப்ரெடி அடு 14 வயதில் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நாடே அவரை அடுத்த பெலே என்றது. பல நாடுகளில் கிளப் மாறி மாறி ஆடினார். ஒரு உலகக் கோப்பையில்கூட ஆடவில்லை. அவருடைய திறமையில் குறையில்லை. ஒரு குழந்தையின் தோளில் பெரியவர்கள் ஏற்றிய சுமை அது. பதினான்கு வயதில் யார் எப்படி வளர்வார் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை மறந்துவிட்டு எடுக்கப்படும் எந்த முடிவும் பிள்ளையைத்தான் பலி கேட்கும்.

இனி பணம். ஐஎம்ஜியில் விடுதியோடு சேர்த்துக் கால்பந்து மாணவருக்கு ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். நான்கு ஆண்டுகளுக்கு மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்குக் குறையாது. உதவித்தொகை உண்டு, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. செயின்ட் பெனடிக்ட்ஸின் கட்டணம் இதில் ஒரு சிறு பங்கு, அதிலும் பெரும்பாலான மாணவர்களுக்குக் கட்டண உதவி கிடைக்கிறது. பழைய மாணவர்களும் கொடையாளர்களும் அந்தப் பள்ளியைத் தாங்குகிறார்கள்.

'கல்லூரி ஸ்காலர்ஷிப்பில் எடுத்துவிடலாம்' என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மனம் கஷ்டப்பட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து ஆடும் பையன்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேரே கல்லூரி அணியில் ஆடுகிறார்கள். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றே அதிகம். அங்கேயும் ஆண்கள் அணிகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெளிநாட்டு மாணவர்கள். அவர்களில் பலர் ஐரோப்பிய அகாடமிகளில் வளர்ந்து இருபது வயதில் வருகிறவர்கள். நெடுங்காலம் ஒரு முதல் பிரிவு ஆண்கள் அணிக்கு மொத்தம் 9.9 முழு உதவித்தொகைகள்தான் அனுமதி. அதை இருபத்தெட்டுப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு. 2025இல் அந்த வரம்பை எடுத்துவிட்டு, அணிக்கு 28 பேர் என்ற வரம்பை வைத்தார்கள்; அத்தனை பேருக்கும் பணம் கொடுக்கக் கல்லூரிகள் முன்வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும், ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதே இல்லை. அங்கே சேர்வதற்குப் பந்து கதவைத் தட்டும், திறப்பது மதிப்பெண்.

இந்த இடத்தில் படிப்பின் நிபந்தனைகளைக் கவனியுங்கள். முதல் பிரிவில் ஆட, குறிப்பிட்ட 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றில் சராசரி 2.3க்குக் குறையக் கூடாது. அந்தப் பதினாறில் பத்தைக் கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே முடித்தாக வேண்டும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாணவரோடு நேரடியாகப் பேசத் தொடங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட நாள், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15. அதாவது ஒன்பது, பத்து வகுப்புகளின் மதிப்பெண் பட்டியலைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். போட்டிகளுக்குப் பறந்துகொண்டே இருக்கும் பிள்ளையின் வேதியியல் பாடத்தை யார் ஈடுகட்டுகிறார்கள் என்ற கேள்வி இங்கே மைதானத்தின் புல்லைவிட முக்கியம். ஐஎம்ஜி இதற்கென்றே நாளை அமைத்திருக்கிறது, அது அதன் பலம். வகுப்பு நேரம் குறைவு என்பது அதன் விலை.

இரண்டு பள்ளிகளையும் உரைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கிறான். அக்டோபர் மாத ஆட்டமொன்றில் திரும்பும்போது முட்டியில் லிகமென்ட் அறுந்துவிடுகிறது. அறுவை சிகிச்சை, பிறகு குறைந்தது ஒன்பது மாதம் ஆட்டம் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காயம் பையன்களைவிட அதிகம் வருகிறது என்பதையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். அந்த ஒன்பது மாதங்களில் பள்ளி அவனுக்கு என்னவாக இருக்கும்?

பிராடென்டனில் உடம்பைத் தேற்றும் வசதிக்கு நிகராக நியூவர்க்கால் எதையும் காட்ட முடியாது. பிசியோதெரபி, நீச்சல்குளம், வலுப்பயிற்சி என்று எல்லாம் நடக்கும் தூரத்தில். முட்டி அங்கே சீக்கிரம் தேறக்கூடும். ஆனால் அவனுடைய நாளில் பாதி, அவனுடைய நண்பர்கள், அவன் அங்கே வந்திருப்பதற்கான காரணம் எல்லாமே ஆட்டத்தைச் சுற்றித்தான். மற்றவர்கள் பயிற்சிக்குப் போகும் நேரத்தில் அவன் தனியாகப் போகிறான். வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால். நியூவர்க்கில் அதே பையன் ஊன்றுகோலோடு காலைக் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். அவன் குழுத் தலைவன் என்றால் இன்றும் வராதவர்களை விசாரிக்க வேண்டும். பந்து இல்லாவிட்டாலும் அவனுக்கு அங்கே வேலை இருக்கிறது, அவனை எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை விழாமல் நிற்பதற்கு முட்டியைவிட இது பெரிய ஊன்றுகோல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. செயின்ட் பெனடிக்ட்ஸ் ஒன்றரை நூற்றாண்டு ஆண்களுக்கு மட்டுமான பள்ளி. பக்கத்து எலிசபெத் நகரில் ஒரு பெண்கள் பள்ளி மூடப்பட்டபோது, அந்தப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்க 2020இல் பெண்கள் பிரிவைத் திறந்தது. ஆகவே அங்கே பெண்கள் கால்பந்து இன்னும் இளையது. ஐஎம்ஜியில் பெண்கள் அணிகள் முன்பிருந்தே இருக்கின்றன. பெண்களுக்குக் கல்லூரி வாய்ப்பும் கூடுதல். பழைய கணக்கில்கூட அவர்கள் அணிக்கு 14 உதவித்தொகைகள் இருந்தன. மகளுக்காகப் பார்க்கிறவர்களுக்குத் தராசு கொஞ்சம் பிராடென்டன் பக்கம் சாயும்.

மகனுக்கு என்றால் என் தீர்ப்பு இதுதான். பிள்ளை உண்மையிலேயே நாட்டின் முன்வரிசையில் இருந்தால், பக்கத்திலுள்ள எம்எல்எஸ் கிளப் அகாடமி அவனைத் தேடி வரும். பெரும்பாலானவற்றில் கட்டணம் கிடையாது. ஃபிலடெல்ஃபியா யூனியன் கிளப்போடு இணைந்த ஒய்எஸ்சி அகாடமி போல, பள்ளியும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும் இடங்களும் உண்டு. அந்தப் பையனுக்கு 80,000 டாலர் செலவழிக்கத் தேவையில்லை. முன்வரிசையில் இல்லாத பையனை அந்தப் பணம் முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிடாது. எனவே ஐஎம்ஜி போன்ற பள்ளி பொருந்துவது ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பத்துக்கு: நல்ல போட்டியே இல்லாத நாட்டிலோ ஊரிலோ வளரும் பிள்ளை, தானே கேட்டு, வீட்டை விட்டு இருக்கும் பக்குவத்தோடு போக விரும்புகிறான்; பெற்றோரும் கல்லூரியில் ஒரு டாலர்கூடத் திரும்பி வராவிட்டால் பாதிக்கப்படாதவர்கள். 18 வயதுக்குட்பட்டவர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறுவதை ஃபிஃபா விதிகள் பெரும்பாலும் தடுப்பதால், சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகும் பிள்ளைக்கு நேரடியாகக் கிளப் அகாடமி கிடைப்பது கடினம். பள்ளி வழிதான் திறந்திருக்கிறது. அவர்களுக்கு பிராடென்டன் நியாயமான தேர்வு.

மற்ற எல்லோருக்கும், அதாவது நூற்றில் தொண்ணூறு குடும்பங்களுக்கு, நியூவர்க் காட்டும் வழியே சரி. எல்லோரும் நியூவர்க்கில் சேர முடியாது, சேரவும் வேண்டாம். உங்கள் வட்டாரத்துத் தனியார் பள்ளிகளில் அதன் குணங்களைத் தேடுங்கள். கால்பந்தைப் பொருட்படுத்துகிற, ஆனால் கால்பந்துக்காரனைத் தனி ஜாதியாக வைக்காத பள்ளி. பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் பயிற்சியாளர். முடிந்தால் வகுப்பிலும் பாடம் எடுக்கிறவர். பெரிய மாணவன் சின்ன மாணவனுக்குப் பொறுப்பாக இருக்கும் ஏற்பாடு. ஆட்டத் தரம் குறைவாகத் தோன்றினால் வெளியே ஒரு நல்ல கிளப்பில் சேர்த்து ஈடுகட்டலாம். மேற்சொன்ன குணங்களை வெளியிலிருந்து வாங்க முடியாது.

சேர்க்கும் முன் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. கடந்த மூன்றாண்டு அணியில் சேர்ந்த அனைவரும், முதல் பதினொருவர் மட்டுமல்ல, இப்போது எங்கே படிக்கிறார்கள்? எத்தனை பேர் நான்காண்டும் அங்கேயே இருந்து முடித்தார்கள்? வெளி கிளப்பில் ஆட அனுமதி உண்டா? அணியில் இடம் போனால் கட்டண உதவியும் போகுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத பள்ளியை விட்டு விலகிவிடுங்கள். காயம்பட்டு ஒரு பருவம் ஆடாமல் இருந்த மாணவரின் பெற்றோர் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நல்ல பள்ளி தயங்காமல் செய்யும்.

பல தனியார் பள்ளிகளில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வருகிறது. அதற்கு முந்தைய அக்டோபரிலேயே, பெற்றோருக்கென்று அலங்கரித்து வைத்திருக்கும் நாளைத் தவிர்த்து, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை பிள்ளையோடு போய் முழு நாளும் இருந்து பாருங்கள். மதியச் சாப்பாட்டில் பிள்ளையை அங்குள்ள மாணவர்களோடு தனியாக உட்கார விடுங்கள். மாலைப் பயிற்சியில் மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கும் பெஞ்சுக்குப் பின்னால் நின்று, பயிற்சியாளர் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். திரும்பும் வழியில் முடிவை நீங்கள் சொல்லாதீர்கள். அந்த நான்கு ஆண்டுகளை வாழப்போகும் பிள்ளை முதலில் சொல்லட்டும்.